பில்லுல 'பழைய பாக்கி'ன்னு வந்தா உடனே வாயை மூடிட்டு கட்டிராதீங்க

ஏற்கனவே கட்டி முடிச்ச எல்ஈடி பல்பு காசை கரண்ட் பில்லுல பழைய பாக்கின்னு மறுபடி வாங்கிட்டாங்க, அது இப்ப திரும்ப வந்துருச்சுங்க, வட்டியோட. தொகை 650 ரூபா, வட்டியைச் சொன்னா சிரிப்பீங்க, ஆனா அதுக்காக நான் ஏறி இறங்குன படியை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. கேரளா பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவுல, கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கம் இருக்கற நம்மாளுங்களுக்கு உதவுமேன்னுதான் எழுதறேன். நான் போன கரண்ட் ஆபீஸ் எதுன்னு சொல்லல, எல்லா இடத்துலயும் கவுண்டர் ஒரே கவுண்டர்தான்.

ஃபிலமென்ட் இல்லாத கேரளான்னு ஒரு திட்டம் இருந்துச்சே, 2018-ல அறிவிச்சு 2021 ஜனவரியில குடுக்க ஆரம்பிச்சாங்களே, பழைய குண்டு பல்பு, சிஎஃப்எல் குடுத்துட்டு 9 வாட் எல்ஈடி வாங்கிக்கலாம், ஒண்ணு 65 ரூபா, காசை கரண்ட் பில்லோட சேர்த்து தவணையா கட்டலாம்னு. எங்க வீட்டுல பத்து எடுத்தோம். தவணை எல்லாம் கட்டி முடிஞ்சு அந்த வரியே பில்லுல இருந்து போயிருச்சு. அப்புறம் எங்க அப்பாரு காலமாகி கனெக்‌ஷனை அம்மா பேருக்கு மாத்தினோம். அது சுலபமா முடிஞ்சுது, சொல்ல ஒண்ணும் இல்ல. மாத்துனதுக்கு அப்புறம் வந்த பில்லுல பழைய பாக்கின்னு ஒரு வரி, நேரா 650. பத்து பல்போட காசு அப்படியே.

கவுண்டர்ல போய் கேட்டா அந்தம்மா தலையே நிமிரல. "அது சிஸ்டத்தில் வருன்னதாணு, ஞான் எந்து செய்யான்"னு ஒரே பதில், சிஸ்டத்துல வர்றது, நான் என்ன பண்றதுன்னு. சரிங்க மேடம், இது என்ன பாக்கி, எந்த மாசத்துது, அதையாவது சொல்லுங்கன்னு கேட்டா, சார் கிட்ட கேளுங்க. சார் எங்கன்னா சைட்டுக்குப் போயிருக்கார். எப்ப வருவார்னா தெரியாது. அடுத்த தடவை போனா சார் இருந்தார், ஆனா இது பில்லிங் விஷயம், கவுண்டர்லயே கேளுங்கன்னுட்டார். பந்து மாதிரி உருட்டி விட்டாங்க. கடைசில, கட்டுனதுக்கு ஆதாரம் இருந்தா கொண்டு வாங்கன்னாங்க.

இங்கதான் பெரிய அடி. மீட்டர் ரீடர் வந்து வீட்டு வாசல்லயே அடிச்சுக் குடுக்கறாரே பில், அது தெர்மல் பேப்பர். அம்மா எல்லாத்தையும் பத்திரமா ஒரு பிளாஸ்டிக் கவர்ல கட்டி வெச்சிருந்தாங்க, எடுத்துப் பாத்தா வெள்ளைத் தாள். ஒரு எழுத்து இல்ல. மின்வாரிய வெப்சைட்ல போய் பாத்தா அவ்வளவு பழசு எல்லாம் எனக்கு வரல. இதை முதல்லயே சொல்லிடறேன், பில் கைக்கு வந்த அன்னிக்கே போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுருங்க, இல்லாட்டி ஜெராக்ஸ் போட்டு வைங்க. எங்களைக் காப்பாத்துனது அக்‌ஷயா சென்டர் (அரசோட இ-சேவை மையம்) பையன்தான், அப்பாரு பாதி பில்லை அங்கதான் கட்டுவார், அவன் பழைய டிரான்சாக்‌ஷனைத் தேடிப் புடிச்சு பிரின்ட் எடுத்துக் குடுத்தான். தங்கமான பையன், டீக்குக் கூட காசு வாங்கல.

அதைக் கொண்டு போய் நீட்டுனா, இதுல தொகை மட்டும்தான் இருக்கு, பல்புக்குன்னு தனியா எழுதலையேங்கறாங்க! இதுக்குள்ள கடைசி தேதி நெருங்கிருச்சு. ஃபியூஸைப் புடுங்கிருவாங்கன்னு அம்மாவுக்கு ஒரே பயம், கட்டித் தொலைடா, 650 ரூபாதானேன்னு.

கட்டுங்க, ஆனா சும்மா கட்டாதீங்க. மின்சாரச் சட்டம் 2003-ல 56-வது பிரிவு இருக்கு. தகராறுல இருக்கற தொகையை ஆட்சேபத்தோட கட்டறேன்னு எழுதிக் குடுத்து கட்டிட்டா, அந்தத் தகராறு தீர்ற வரைக்கும் கனெக்‌ஷனைத் துண்டிக்கக் கூடாது. அதே பிரிவுல 56(2) இன்னும் முக்கியம். ஒரு தொகை கட்ட வேண்டிய நாள்ல இருந்து ரெண்டு வருஷம் தாண்டிட்டா, இடையில வந்த பில்லுல எல்லாம் அதைத் தொடர்ந்து பாக்கியா காட்டிட்டு வந்திருந்தாத்தான் வசூல் பண்ண முடியும். எங்க பில்லுல வருஷக்கணக்கா அந்த வரியே இல்ல. அதாவது நாங்க கட்டலைன்னே வெச்சுக்கிட்டாலும் இந்தப் பிரிவுல அவங்க வசூல் பண்ண முடியாது. இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, சந்தோஷத்துல.

ஆட்சேபத்தோட கட்டறேன்னு லெட்டர் எழுதிட்டுப் போனா, மலையாளத்துல எழுதிட்டு வாங்கன்னாங்க. 1969 ஆட்சிமொழிச் சட்டத்துலயே இங்க தமிழ், கன்னட சிறுபான்மைக்காரங்க அவங்க மொழியில அரசுக்கு எழுதலாம்னு இருக்கு. அதைச் சொன்னதும் ஒரு முறை முறைச்சாங்க. நகல்ல சீல் போட்டுக் குடுங்கன்னா, அதெல்லாம் பழக்கம் இல்லைன்னாங்க. சண்டை போட்டு நேரத்தை வீணாக்கல, காசைக் கட்டிட்டு நேரா போஸ்ட் ஆபீஸ் போய் லெட்டரை ஸ்பீட் போஸ்ட்ல அதே ஆபீஸுக்கே அனுப்பிட்டேன், ரசீதுதான் அப்புறம் எனக்கு ஆதாரமே. பக்கத்து வீட்டு டீச்சரக்கா மலையாளத்துல நாலு வரி சுருக்கமும் எழுதிக் குடுத்தாங்க, அதையும் கூட வெச்சேன். உரிமை வேற, வேலை ஆகறது வேற.

பதிலே இல்ல. அப்புறம்தான் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றத்துக்குப் போனேன். மின்வாரிய போர்டே நடத்தணும்னு சட்டம் சொல்ற மன்றம் அது, நம்ம பாலக்காட்டுக்காரங்க கோழிக்கோட்டுக்கு அனுப்பணும். வக்கீல் வேண்டாம், ஃபீஸ் இல்ல, ஏ படிவத்தை நிரப்பி தபால்ல போட்டா போதும். படிவத்துல "என்ன நிவாரணம் வேணும்"னு ஒரு கட்டம் இருக்கு, அதை நல்லா எழுதுங்க. சும்மா நியாயம் வேணும்னு எழுதாதீங்க. கேரளா மின் விநியோக விதிகள், அதான் சப்ளை கோட் 2014-ல, அதிகமா வசூல் பண்ணது உறுதியானா பேங்க் ரேட் வட்டியோட திருப்பணும்னு இருக்கு, அதைக் குறிப்பிட்டு இவ்வளவு ரூபா, வட்டியோட, அடுத்த பில்லுல கழிக்கணும்னு எழுதினேன். மன்றம் சரியா பண்ணலைன்னா அதுக்கு மேல முறையிட ஆம்புட்ஸ்மேன்னு ஒரு குறைதீர்ப்பு அதிகாரி இருக்கார்.

மன்றத்துல இருந்து நோட்டீஸ் போனதும் செக்‌ஷன்ல இருந்தே, அதான் அந்த லோக்கல் கரண்ட் ஆபீஸ்ல இருந்தே, போன். வாங்க, பேசித் தீத்துக்கலாம்னு. போனா அதே அம்மா, "இரிக்கூ, இரிக்கூ"ன்னு நாற்காலியைக் காட்டறாங்க! பேர் மாத்துறப்ப ஏதோ பழைய பதிவு மறுபடி ஏறிருச்சாம். ஆள் யாரும் தப்பு பண்ணல, சிஸ்டம்தான் பண்ணுச்சு, எப்பவும் போல. எழுத்துல குடுத்தாத்தான் புகாரை வாபஸ் வாங்குவேன்னு உக்காந்துட்டேன், எழுதிக் குடுத்தாங்க. அடுத்த பில்லுல கழிஞ்சு வந்துச்சு.

இவ்வளவும் நடந்ததுல எனக்கு இன்னொரு கிறுக்கு புடிச்சுருச்சு. பில்லுல இருக்கற மத்த வரியெல்லாம் எங்க போகுது, யார் பாக்கறாங்கன்னு. எனர்ஜி சார்ஜ்ல 10 சதவீதம் டியூட்டின்னு எடுக்கறாங்களே, அது அரசு வரி. 2013-ல போர்டு கம்பெனியா மாறுனப்போ அந்தக் காசை பத்து வருஷத்துக்கு ஊழியர் பென்ஷன் டிரஸ்டுக்குன்னு போர்டே வெச்சுக்கிட்டுது, 2023 கடைசில அரசு அதைத் தன் பக்கம் இழுத்துக்கிச்சு. நாம வீட்டுல லைட் போட்டா யாரோட பென்ஷனுக்கோ போகும்னு எந்த பில்லுலயும் எழுதல. எரிபொருள் செலவுக்குன்னு ஃபியூயல் சர்சார்ஜ் இருக்கே, 2023-ல வந்த விதிப்படி யூனிட்டுக்கு 10 பைசா வரைக்கும் போர்டு தானாவே போட்டுக்கலாம், அதுக்கு மேலன்னா மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கிட்ட கேக்கணும்னு இருந்துச்சு.

அந்த ஆணையம் 2024-ல கட்டண உயர்வுக்காக பாலக்காட்லயும் ஹியரிங் வெச்சாங்க, போயிருந்தேன். யார் வேணா போய்ப் பேசலாம், நம்மாளுங்க ஒருத்தரும் வர்றதில்ல, அதான் வருத்தம். முன்வரிசை பூரா தொழிற்சாலைக்காரங்க, அவங்க ஃபைல் ஃபைலா கொண்டு வந்திருக்காங்க, வீட்டு கனெக்‌ஷன்காரன்னு கையை விட்டு எண்ணிரலாம். நான் தமிழும் மலையாளமும் கலந்து ரெண்டு நிமிஷம் பேசுனேன், பில்லு மூலமா வசூல் பண்ற திட்டத்துக்கு எல்லாம் தனிக் கணக்கு போட்டு வெளியிடுங்கன்னு. குறிச்சுக்கிட்டாங்க. ஜனவரியில இருந்து மே வரைக்கும் யூனிட்டுக்கு 10 பைசா கோடைக் கட்டணம் வேணும்னு போர்டு கேட்டுது, டிசம்பர்ல வந்த உத்தரவுல ஆணையம் அதை மாட்டேன்னுருச்சு. ஆனா யூனிட்டுக்கு சராசரியா 16 பைசா ஏத்துறதுக்கு ஒத்துக்கிச்சு, அதுக்கு அடுத்த வருஷத்துக்கு இன்னொரு 12. முழுசா ஜெயிச்சோம்னு சொல்ல முடியாது, ஆனா போர்டு கேட்டது எல்லாம் அவங்களுக்குக் கிடைக்கறதும் இல்ல.

கடைசியா 10 ரூபா கட்டி ஒரு தகவல் உரிமை மனுவும் போட்டிருக்கேன். எங்க செக்‌ஷன்ல எத்தனை வீட்டுக்கு பல்பு குடுத்தீங்க, எவ்வளவு வசூல் ஆச்சு, எத்தனை பேருக்கு ரெண்டாவது தடவை பில்லுல ஏறுச்சு, யார் சரிபார்த்தாங்கன்னு. எதுக்குக் கேக்கறீங்கன்னு போன்ல கேட்டாங்க, காரணம் சொல்லத் தேவையில்லைன்னு சட்டத்துல 6(2)-ல இருக்கு, அதைத்தான் சொன்னேன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் வந்துச்சு, மிச்சத்துக்கு தகவல் இங்க இல்லையாம். இல்லாட்டி இருக்கற இடத்துக்கு அவங்களே அஞ்சு நாள்ல மாத்தி அனுப்பணும், அதையும் பண்ணல. முதல் அப்பீலுக்கு முப்பது நாள்தான் டைம், அதுனால போன வாரமே போட்டுட்டேன். உங்க வீட்டுலயும் 2021-ல பல்பு எடுத்திருந்து, இடையில பேர் மாத்தியிருந்தா, பில்லை எடுத்து அந்த ஒரு வரியைப் பாருங்க. இருந்தா சொல்லுங்க, அப்பீல்ல சேர்த்து வெக்க எனக்கு உதவும்.