கென்கெனும் 21 என்ற எண்ணும்

சுடோகு போட்டுப் பழகியவர்களுக்குக் கென்கென் கட்டம் அந்நியமாகத் தோன்றாது. ஆறுக்கு ஆறு கட்டம் என்றால் ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் 1 முதல் 6 வரையுள்ள எண்கள் ஒரு முறை மட்டுமே வர வேண்டும். ஆனால் தொடக்கத்தில் எண்கள் அநேகமாகத் தரப்படுவதில்லை. தடித்த கோடுகளால் பிரித்த கூண்டுகளும் அவற்றின் மூலையில் ‘11+’, ‘3÷’ போன்ற குறிப்புகளும்தான் இருக்கும்; கூண்டிலுள்ள எண்களை அந்தக் குறியின்படி கணக்கிட்டால் அங்கே தந்த எண் வர வேண்டும். 2004-இல் இதை உருவாக்கிய ஜப்பானியக் கணித ஆசிரியர் டெட்சுயா மியாமோட்டோ, கற்பிக்காமல் கற்பிப்பதை நம்பியவர். அதனால் நானும் உத்திகளைத் தேடிப் படிக்காமல் புதிர்களோடு மட்டும் உட்கார்ந்தேன்.

ஒரே விடையுள்ள கூண்டுகள் எளிதில் கண்ணில் படும். இரண்டு அறைகளில் ‘11+’ என்றால் 5, 6. ‘5−’ என்றால் 1, 6. பெருக்கற்பலன் 5-ஆல் வகுபட்டால் கூண்டுக்குள் 5 இருந்தே தீரும். ஒரே கூண்டுக்குள் ஓர் எண் இரு முறை வரலாம் என்பதுதான் பழகச் சற்று நாளாகும் செய்தி. வளைந்த மூன்று அறைகளில் ‘20×’ என்றால் 1, 4, 5 மட்டுமன்றி 2, 2, 5 என்பதும் பொருந்தும். அப்படியானால் இரண்டு 2-களும் ஒரே நிரையிலோ நிரலிலோ வரக் கூடாது என்பதால் 5 வளைவில்தான் அமர முடியும்.

கூண்டுகளை விட்டு முழு நிரையையும் பார்க்கத் தொடங்கிய பிறகே புதிர் எனக்கு வசப்பட்டது. 1 முதல் 6 வரை கூட்டினால் 21. ஒரு நிரையை நிரப்பும் கூட்டல் கூண்டுகளில் ஓர் அறை மட்டும் அடுத்த நிரைக்கு நீண்டிருந்து, அவற்றின் மொத்தம் 25 என்றால், வெளியே நிற்கும் அந்த அறையில் 4. கழித்தல் கூண்டுகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்பதுதான் நான் மிகவும் ரசித்த கண்டுபிடிப்பு: இரண்டு எண்களின் வித்தியாசம் ஒற்றைப்படை என்றால் அவற்றின் கூட்டுத்தொகையும் ஒற்றைப்படையே. ஒரு நிரைக்குள் ஈரறைக் கூண்டுகளாக ‘9+’, ‘1−’ இரண்டும் இருந்தால், எஞ்சிய இரண்டு அறைகளின் கூட்டுத்தொகை ஒற்றைப்படையாகத்தான் இருக்க வேண்டும்; அவற்றுள் ஒன்று 6 என்று நிரலின் வழியே தெரிந்துவிட்டால், ‘9+’ கூண்டில் 3, 6 என்ற இணை அடிபட்டு 4, 5 நிலைக்கும், மற்ற அறைக்கு 1 அல்லது 3 மட்டுமே மிஞ்சும்.

வாய்ப்புள்ள எண்களைப் பென்சிலால் அறை ஓரத்தில் குறித்துக்கொள்வதை நான் குறையாக நினைப்பதில்லை. ஊகித்து எழுதி, பின்னர் அழிப்பதுதான் எனக்குப் பிடிக்காது.

செயற்குறிகளே இல்லாத கட்டங்களும் உண்டு. அங்கே ஈரறைக் கூண்டில் வெறும் ‘2’ என்றிருந்தால் கழித்தல், வகுத்தல், பெருக்கல் மூன்றையும் சேர்த்து ஆறு இணைகள் சாத்தியம் என்பதால், நான் முதலில் பெரிய எண்களையே தேடுகிறேன்: ஈரறைக் கூண்டில் 11 என்றிருந்தாலும் 30 என்றிருந்தாலும் உள்ளே இருப்பவை 5, 6 மட்டுமே.