நடக்கப்போவதை முன்பே சொல்லிவிடுங்கள்

ஆட்டிசம் உள்ள என் மகளுக்கு டாக்டரிடம் போவதென்றால், ஊசியைவிடப் பெரிய பயம் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததுதான். அதனால் படக்கதை செய்து காட்டுகிறோம்: வாசல், காத்திருக்கும் நாற்காலி, ஸ்டெதஸ்கோப், திரும்ப வீடு. அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1991-ல் உருவாக்கிய 'சமூகக் கதை' முறைதான் இதற்கு அடிப்படை.

பி.பி. பார்க்கும் பட்டை கையை இறுக்குவதை அவளால் தாங்கவே முடியாது. வீட்டில் முதலில் பொம்மைக்குக் கட்டுவோம், பிறகு எனக்கு, அப்புறம் அவளுக்கு. "இறுக்கும், அப்புறம் தானாகத் தளரும்." ஒவ்வொரு முறையும் இதே வார்த்தைகள்தான். ஊசி வலிக்கும் என்றால் வலிக்கும் என்றே சொல்லிவிடுவோம். "ஒண்ணுமே பண்ண மாட்டாங்க" என்று ஏமாற்றிக் கூட்டிப்போனால், அடுத்த முறை வாசற்படி மிதிக்க மாட்டாள்.

முன்கூட்டியே போன் செய்து, கூட்டமில்லாத நேரம் கிடைக்குமா என்று கேளுங்கள். சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன் கையோடு இருக்கட்டும். ஊசி போடும் இடத்தை மரத்துப்போகச் செய்யும் க்ரீம் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள், அது வேலை செய்ய ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும்.

டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொடுவதற்கு முன் குழந்தையிடம் சொல்லுங்கள். பேசாத குழந்தையாக இருந்தாலும் அவளிடமே சொல்லுங்கள்.