விடியலுக்கு ஒரு கோடு: தெற்கு சூடானில் ஓராண்டு

2012 அக்டோபரில் தெற்கு சூடானின் தலைநகர் ஜூபாவில் இறங்கியபோது எனக்கு இருபது வருட போலீஸ் சர்வீஸ். தமிழ்நாட்டில் ஸ்டேஷனைக் கட்டி மேய்த்தவன். தெற்கு சூடானில் நான் யாரையும் கைது செய்ய முடியாது, யாருக்கும் உத்தரவு போட முடியாது, இடுப்பில் துப்பாக்கியும் கிடையாது. அந்த நாட்டுக்கான ஐ.நா. அமைதிப் பணியான அன்மிஸில் போலீஸ் ஆலோசகர் என்றால் அவ்வளவுதான். கொசோவோவிலும் கிழக்குத் தீமோரிலும் 1999 முதல் சில ஆண்டுகள் ஐ.நா. போலீஸே சட்டம் ஒழுங்கைக் கையில் வைத்திருந்தது. தெற்கு சூடானில் அப்படியில்லை. 2011 ஜூலை 9-ல் பிறந்த நாடு. போலீஸ் அவர்களுடையது, நாங்கள் கூடவே உட்காருகிறவர்கள்.

இந்தப் பணிக்கு நடக்கும் தேர்வைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஆங்கிலமும் டிரைவிங்கும்தான் முக்கியம். எங்கள் பேட்ச்சில் ஆங்கிலத்தில் தேறியவர்கள்கூட டிரைவிங்கில் விழுந்தார்கள். இடது ஸ்டியரிங் வண்டியில் ரிவர்ஸ் எடுக்கப் பழகிவிட்டுப் போங்கள்.

எனக்குக் கிடைத்தது டிங்கா இன மக்கள் அதிகம் வாழும் ஒரு மாநிலத்தின் தலைநகர். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே போலீஸிலும் ராணுவப் பதவிப் பெயர்கள்தான். மாநில கமிஷனர் ஒரு மேஜர் ஜெனரல். சூடான் அரசுக்கு எதிராக 2005 வரை நடந்த போரில் புதர்க்காட்டில் கழித்தவர். அவர் ஆட்களில் பலரும் பழைய போராளிகள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். முதல் வாரமே நான் ஒரு தப்பு செய்தேன். காலைக் கூட்டத்தில், அவருடைய அதிகாரிகள் எதிரிலேயே, "லாக்கப்புக்குப் பதிவேடு இல்லையே, ஜெனரல்?" என்று கேட்டுவிட்டேன். மூன்று வாரம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் மொழிபெயர்ப்பாளர் உள்ளூர்ப் பையன். வளாகத்து வேப்பமரத்தடியில் (ஆமாம், நம் வேம்பேதான்) உட்கார்ந்து சொன்னான்: "பெண் கேட்டு மாடு பேசப் போகிறவர்கள் முதல் நாளே எண்ணிக்கையைச் சொல்ல மாட்டார்கள், சார்." அங்கே பெண் வீட்டுக்குக் கொடுக்கும் பரிசம் மாடுகள்தான். அதற்குப் பிறகு தினமும் காலையில் கமிஷனரிடம் தனியாகப் போய் டீ குடித்தேன். மழையைப் பற்றிப் பேசினோம், மாடுகளைப் பற்றிப் பேசினோம். எங்கள் ஊரிலும் பிடிபட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்று ஒரு நாள் சொன்னேன். அவர்கள் அரசியல் சட்டத்திலும் அதே 24 மணி நேரம்தான். "உங்களுக்கும் அதே தொல்லையா?" என்று கேட்டார். அன்றுதான் பேச்சு திறந்தது.

எழுதத் தெரிந்த ஒரு சார்ஜென்ட்டை அவரே கொடுத்தார். சந்தையில் வாங்கிய நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டோம்: பெயர், கிராமம், காரணம், பிடித்த அதிகாரி. ராத்திரி பாராவுக்கு எழுத்து தெரியாது. அதனால் கடைசிக் கட்டத்தில், உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் விடிந்தால் ஒரு கோடு போடச் சொன்னோம். இரண்டு கோடு விழுந்தால் யாராவது கேட்டாக வேண்டும்.

ஒரு நாள் காலை கமிஷனர் தானாகவே நோட்டைக் கேட்டு வாங்கினார். விரல் ஒரு வரியில் நின்றது. டிங்காவில் வாய்விட்டு எண்ணினார். பதினோரு கோடு. பதினாறு வயசுப் பையன். அண்ணன் ஒரு பெண்ணோடு ஓடிவிட்டான், மாடு வந்து சேரவில்லை, அண்ணன் கிடைக்காததால் தம்பியைப் பிடித்து வைத்திருந்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. சம்பந்தப்பட்ட அதிகாரியைக் கூப்பிட்டு, என்னை வெளியே அனுப்பாமலே, அவரே கேட்டார். அரை மணி நேரத்தில் பையன் கேட்டைத் தாண்டிப் போனான். வெறுங்கால். கணுக்காலில் விலங்கு உரசிய தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. இந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது அந்த அரை மணி நேரத்தைத்தான். அங்கே நானே கேள்வி கேட்டிருந்தால் பையன் வெளியே வந்திருப்பான், நோட்டு அன்றோடு மூடியிருக்கும்.

2013 அக்டோபரில் நான் கிளம்பியபோது இரண்டாவது நோட்டு ஓடிக்கொண்டிருந்தது. டிசம்பர் 15-ல் ஜூபாவில் உள்நாட்டுச் சண்டை வெடித்தது. 2014 மே மாதம் பாதுகாப்பு கவுன்சில் அன்மிஸின் வேலையையே மாற்றி எழுதியது. பொதுமக்களைக் காப்பது முதலிடத்துக்கு வந்தது, போலீஸை வளர்க்கும் பணி நின்றது. ஐ.நா. முகாம்களில் பல்லாயிரம் பேர் தஞ்சம் புகுந்திருந்தபோது வேறு வழியில்லை என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

சண்டை வெடித்த அந்த டிசம்பரில் மொழிபெயர்ப்பாளருக்கு நாலு நாள் விடாமல் போன் அடித்தேன். ஐந்தாம் நாள் எடுத்தான். "உயிரோடு இருக்கிறேன், சார். அம்மாவும் இருக்கிறாள்" என்றான். ஸ்டேஷனைப் பற்றி அன்று நான் கேட்கவில்லை.