நாற்பத்தெட்டு வயதில் பிரெஞ்சு வகுப்பு

இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் ஏற்றுமதிப் பிரிவைக் கவனிக்கும் நான், 1964 முதல் வெளிநாட்டவருக்குப் பிரெஞ்சு கற்பித்துவரும் கவிலாம் நிறுவனத்தில், பிரான்சின் விஷி நகரில் தங்கிப் படித்துக்கொண்டிருக்கிறேன். வேலூரில் இருந்தபடியே இணையவழியில், ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் ஆறு படிகளில் இரண்டாவதான ஏ2 நிலையை முடித்திருந்தேன். ஆனாலும், எழுத்தில் தனித்தனியாக நிற்கும் சொற்கள் பேச்சில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், காதுக்குப் பிடிபட நாளாகிறது.

காலையில் வகுப்பு உண்டு; என்றாலும், எனக்குக் கூடுதலாகக் கைகொடுப்பது நான் தங்கியிருக்கும் வீட்டின் இரவு உணவு மேசைதான். சீஸ் தட்டை என் பக்கம் நகர்த்திய வீட்டு அம்மையார், உரிய வினைச்சொல்லை நான் தேடி எடுத்து வாக்கியத்தை முடிக்கும்வரை, கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். அந்தப் பொறுமைக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு நண்பர்களே, ஐரோப்பிய வாடிக்கையாளர்களோடு பழகும் நம் தொழிலில் இருப்பவர்கள் வயதை எண்ணித் தயங்க வேண்டாம். முடிந்தால் அதற்கு அடுத்த படியான பி1 வரை ஊரிலேயே படித்துவிட்டு வாருங்கள். இங்கே செலவிடும் நேரம் முழுவதும் பேச்சுப் பயிற்சிக்கே பயன்படும்.