கனடாவுக்குக் கணவரை ஸ்பான்சர் செய்த அனுபவம்

என் கணவருக்குக் கனடா பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) வந்த பிறகு, தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "சம்பளம் எவ்வளவு காட்டினீங்க?" கணவனையோ மனைவியையோ ஸ்பான்சர் செய்ய, அதாவது பொறுப்பேற்றுக் கனடாவுக்கு அழைத்துக்கொள்ள, குறைந்தபட்ச வருமானம் என்று பொதுவாக எதுவும் கிடையாது. கூட வரும் பிள்ளைக்கே ஒரு பிள்ளை இருந்தால்தான் வருமானக் கணக்கு வரும். நம் வீடுகளில் அது அபூர்வம். நான் வரித்துறையின் மதிப்பீட்டு நோட்டீஸையும் அலுவலகக் கடிதத்தையும் வைத்தேன், அவ்வளவுதான். அவர்கள் கவனிப்பது வேறு விஷயங்களை. ஸ்பான்சர் செய்பவர் உடல் ஊனம் தவிர வேறு காரணத்துக்காக அரசின் சமூக உதவித்தொகை வாங்கக் கூடாது. திவாலாகி அதிலிருந்து விடுபடாமல் இருக்கக் கூடாது. முன்பு யாருக்காவது கொடுத்த உறுதிமொழியை மீறியிருக்கக் கூடாது. வேலை போய், வேலைவாய்ப்புக் காப்பீட்டுப் பணம் வாங்குகிறவர்கள் பயப்பட வேண்டாம். அது சமூக உதவித்தொகையில் சேராது.

சம்பளத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் உறுதிமொழியைப் பற்றிக் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. கணவரோ மனைவியோ பிஆர் ஆன நாளிலிருந்து 3 வருடங்களுக்கு அவருடைய அடிப்படைச் செலவுகளுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போடுகிறோம். நடுவில் வேலை போனாலும், பிரிந்தாலும், விவாகரத்தே ஆனாலும் அந்தக் கையெழுத்து நிற்கும். அவர் சமூக உதவித்தொகை வாங்கினால் அரசு அந்தப் பணத்தை என்னிடம் கேட்கும். 22 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் 10 வருடங்கள் அல்லது அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை, இதில் எது முதலில் வருகிறதோ அது. கியூபெக் மாகாணத்தில் கணக்கு வேறு. நான் இருப்பது ஒன்டாரியோவில்.

அடுத்த கேள்வி, கனடாவுக்குள் இருந்து விண்ணப்பம் போடுவதா வெளியில் இருந்து போடுவதா என்பது. எங்களுக்கு அதில் யோசிக்க எதுவும் இல்லை, அவர் சென்னையில் இருந்தார். கணவனோ மனைவியோ ஏற்கெனவே கனடாவில் உங்களுடன் வசித்தால் இரண்டு வழியும் திறந்திருக்கும், அப்போது நன்றாக யோசியுங்கள். உள்ளிருந்து போட்டால் காத்திருக்கும்போதே ஓப்பன் வொர்க் பர்மிட் (எந்த முதலாளியிடமும் வேலை செய்யும் அனுமதி) கேட்கலாம். ஆனால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை இல்லை. வெளியிலிருந்து போட்டால் ஸ்பான்சருக்கு அந்த உரிமை உண்டு, 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

நான் அப்போது பிஆர், குடிமகள் அல்ல. குடிமக்கள் வெளிநாட்டில் இருந்தபடியே கணவனை ஸ்பான்சர் செய்யலாம், திரும்பி வந்து கனடாவில் வசிப்போம் என்று காட்டினால் போதும். பிஆர் ஆட்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கனடாவில்தான் வசிக்க வேண்டும். "கல்யாணம் ஆயிடுச்சு, பேப்பர் வர்ற வரைக்கும் இங்கேயே இருந்துட்டுப் போயேன்" என்று மாமியார் ஆசையாகத்தான் சொன்னார். லீவுக்குப் போய் வரலாம் அத்தை, குடியிருக்க முடியாது என்று அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச காலம் ஆனது.

இனி திருமணம். எங்களுடையது பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். ஐஎம்எம் 5532 என்ற படிவத்தில் நேரில் முதலில் எப்போது, எங்கே சந்தித்தீர்கள், யார் அறிமுகம் செய்துவைத்தார்கள், எப்படிப் பழகினீர்கள், என்னென்ன சடங்குகள் நடந்தன, யார் யார் வந்தார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். காதலித்துக் கட்டிக்கொண்டவர்களுக்கு ஏற்ற கேள்விகளாயிற்றே என்று முதலில் மலைப்பாக இருந்தது. எழுத உட்கார்ந்தபோதுதான் எங்களிடமும் சொல்ல நிறைய இருக்கிறது என்று தெரிந்தது. தரகர் மூலம் ஜாதகம் வந்தது, பொருத்தம் பார்த்தது, வீடியோ காலில் இரண்டு குடும்பமும் பேசியது, நான் ஊருக்கு வந்தபோது பெண் பார்த்தது, நிச்சயதார்த்தம், அப்புறம் கல்யாணம், வரவேற்பு. இதை அப்படியே தேதியோடு எழுதினோம். வேகமாக முடிந்த கல்யாணத்தைக் காதல் கதையாக மாற்றி எழுதச் சொல்லி யோசனை சொன்னவர்களும் உண்டு. அது ஆபத்து. நான் ஒரு மாதிரி, அவர் ஒரு மாதிரி எழுதினால் நிஜக் கல்யாணமே பொய்க் கல்யாணம் மாதிரி தெரியும். எங்கள் வழக்கம் இது, இந்த வரிசையில் நடந்தது என்று சொன்னால் அதிகாரிக்குப் புரியும். இப்படிப்பட்ட கோப்புகளை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். மணமகனும் மணமகளும் ஒரே இடத்தில் நேரில் இருந்து நடந்த கல்யாணமாக இருக்க வேண்டும். போன் வழியாக, இணையம் வழியாக, ஒருவருக்குப் பதில் இன்னொருவரை உட்காரவைத்து நடந்த திருமணங்களைக் கனடா 2015 ஜூன் 11 முதல் குடியேற்றத்துக்கு ஏற்பதில்லை. அந்தந்த நாட்டில் சட்டப்படி செல்லும் என்றாலும் இங்கே செல்லாது. தமிழ்நாட்டில் கல்யாணம் செய்தவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களுக்கும் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் பதியலாம், தாமதித்தால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள்.

எங்கள் கோப்பில் அதிக நேரம் தின்றது பெயர்தான். கணவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், பட்டச் சான்றிதழில் பின்னால், திருமணச் சான்றிதழில் அப்பா பெயர் முழுசாக. நமக்கு இது எல்லாமே ஒரே ஆள். ஐஆர்சிசி (கனடாவின் குடியேற்றத் துறை) படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் விட முடியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாதவர்கள், தங்கள் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதி, சொந்தப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட வேண்டும் என்பது அவர்கள் கொடுத்திருக்கும் வழிமுறை. கோப்பு முழுக்க அப்படியே எழுதினோம். வேறு பெயர்களில் அறியப்பட்டிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு இனிஷியல் வடிவங்கள் எல்லாவற்றையும் எழுதினோம். எல்லாம் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கிச் சேர்த்தோம். அதைக் கேட்டு யாரும் கடிதம் போடவில்லை, ஆனாலும் வைத்ததில் எனக்கு நிம்மதி.

புகைப்படங்களுக்கு வரம்பு உண்டு: 20. வாட்ஸாப் உரையாடல் மாதிரிகளுக்கு 10 பக்கம். கல்யாண ஆல்பத்தில் இருந்து இருபதை எடுப்பது தனி வேலை. தாலி கட்டும் படம் ஒன்று போதும். இரண்டு பக்கப் பெற்றோரும் சேர்ந்து தெரியும் படம், நிச்சயதார்த்தம், பதிவு அலுவலக வாசல், அடுத்த லீவில் அவர் தங்கை கல்யாணத்தில் நாங்கள் இருவரும், இப்படித் தேதிகள் விலகிப் போகும் படங்களாகத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொன்றின் கீழும் எப்போது, எங்கே, யார் யார் என்று ஒரு வரி. உரையாடலில் கொஞ்சல் பக்கங்களை விட்டுவிட்டு, வீட்டு வாடகை, மாமனாரின் கண் ஆபரேஷன், டிக்கெட் விலை பேசிய பக்கங்களைக் கொடுத்தேன். கணவன் மனைவி உண்மையில் பேசுவது அதைத்தானே! அலுவலக ஆயுள் காப்பீட்டில் அவரை வாரிசாகப் போட்ட தாளும், பயண டிக்கெட்டுகளும், பாஸ்போர்ட் முத்திரைகளும் கூட இருந்தன.

பின்னணிப் படிவத்தில் கடந்த 10 வருடங்களை மாதம் விடாமல் எழுத வேண்டும். படிப்பு முடிந்து அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டு சும்மா இருந்த மாதங்களும் இதில் அடக்கம். "சும்மா இருந்தேன்னு எப்படி எழுதறது?" என்று கணவருக்குக் கூச்சம். வேலையில்லை என்றே எழுதச் சொன்னேன், இடைவெளியை மட்டும் விடக் கூடாது. 18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 வருடங்களில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வசித்த ஒவ்வொரு நாட்டுக்கும் காவல்துறைச் சான்றிதழ் வேண்டும். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் அந்தச் சான்றிதழை முதலில் ஆரம்பியுங்கள், மற்ற தாள்கள் தானாக வந்து சேரும்.

அவருக்கு முன்பு வேறொரு நாட்டின் சுற்றுலா விசா மறுக்கப்பட்டிருந்தது. ஆரம்பத்தில் பேசிப் பார்த்த ஏஜென்ட் ஒருவர், "அது கனடா இல்லையே, போட வேண்டாம் சார்" என்றார். எந்த நாடாக இருந்தாலும் சொல்லச் சொல்லித்தான் படிவமே கேட்கிறது. தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் 5 வருடத் தடை. நாங்கள் அந்த ஏஜென்ட்டை விட்டுவிட்டு எல்லாவற்றையும் நாங்களே போட்டோம். ஆள் வைத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பணம் கொடுத்து வைப்பதாக இருந்தால் அவர் கனடாவில் உரிமம் பெற்ற வழக்கறிஞராகவோ, குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற கனடாவின் ஒழுங்குமுறை அமைப்பில் உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். அந்தக் கல்லூரியின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இதே சேதி இன்னும் அழுத்தமாக. கூட வராத பிள்ளையாக இருந்தாலும், முதல் திருமணத்துப் பிள்ளையாக இருந்தாலும் படிவத்தில் சொல்லி, மருத்துவப் பரிசோதனைக்கும் உட்படுத்த வேண்டும். மறைத்தால் பின்னால் அந்தப் பிள்ளையை ஸ்பான்சர் செய்யும் வழியே அடைபட்டுப் போகக்கூடும்.

கட்டணம், 2024 ஏப்ரல் 30 முதல் இருந்த விகிதப்படி, ஸ்பான்சர்ஷிப் 85 டாலர், விண்ணப்பப் பரிசீலனை 545, நிரந்தர வசிப்புரிமைக் கட்டணம் 575, மொத்தம் 1,205. பயோமெட்ரிக்ஸுக்கு (கைரேகை, புகைப்படப் பதிவு) தனியாக 85. அந்த 575-ஐக் கடைசியில் கூடக் கட்டலாம், ஆனால் முதலிலேயே கட்டினால் ஒரு தாமதம் குறையும். நிராகரிக்கப்பட்டால் அது திரும்பி வரும்.

காத்திருப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஸ்பான்சர் தகுதியானவர் என்று ஒரு மின்னஞ்சல் வரும். அதைப் பார்த்து ஊரில் ஸ்வீட் கொடுத்துவிட வேண்டாம், அது உங்களைப் பற்றிய முடிவு மட்டுமே, அவருக்குப் பிஆர் கிடைத்ததாக அர்த்தம் இல்லை. ரொம்ப நாள் சத்தமே இல்லையென்றால் 5 டாலர் கட்டி, தகவல் அறியும் சட்டத்தில் கோப்புக் குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். மருத்துவப் பரிசோதனைக்கு முன்னால் கணவருக்குச் சர்க்கரை பற்றிக் கவலை. மருத்துவச் செலவு அதிகமாகும் என்ற காரணத்துக்காகக் கணவன் மனைவியை நிராகரிக்க முடியாது, அந்த விதியிலிருந்து அவர்களுக்கு விலக்கு உண்டு.

டொராண்டோ விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டையும் பிஆரை உறுதிப்படுத்தும் தாளையும் பார்த்தார், பிஆர் கார்டு அனுப்ப வேண்டிய முகவரியைக் கேட்டார், அவ்வளவுதான். ஒன்டாரியோவில் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020-இலிருந்து இல்லை, அதனால் அந்த வாரமே விண்ணப்பித்தோம். இனி 5 வருடத்துக்குள் 730 நாள் அவர் இங்கே இருக்க வேண்டும், அப்போதுதான் பிஆர் நிலைக்கும். குடியுரிமைக்கு 1,095 நாள். ஸ்பான்சர் மூலம் வந்தவர், பிஆர் ஆன 5 வருடத்துக்குள் வேறொரு துணையை ஸ்பான்சர் செய்ய முடியாது. இதைச் சொன்னதும் என் நாத்தனார்தான் அதிகம் சிரித்தாள்.

அவள் அடுத்து கேட்டது, "அப்போ என்னை எப்போ கூப்பிடுவீங்க அண்ணி?" உடன்பிறந்தவர்களைப் பொதுவாக ஸ்பான்சர் செய்ய முடியாது. பெற்றோர் இருவரும் இல்லாத, 18 வயதுக்குட்பட்ட, மணமாகாத தம்பி தங்கைக்கும், துணை, பிள்ளை, பெற்றோர் என்று ஸ்பான்சர் செய்யக்கூடிய வேறு சொந்தமே இல்லாத சில ஸ்பான்சர்களுக்கும் மட்டும் விலக்கு. பெற்றோருக்குத் தனித் திட்டம் இருக்கிறது. ஆனால் அதில் விருப்பம் தெரிவித்துப் பதிந்தவர்களிலிருந்துதான் 2025 வரை குலுக்கி அழைத்தார்கள், வருமான நிபந்தனையும் உண்டு, உறுதிமொழியும் 20 வருடங்கள். அத்தைக்கும் மாமாவுக்கும் நாங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருப்பது சூப்பர் விசா, பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்குவதற்கான வருகை விசா. ஒரு தடவை வந்தால் 5 வருடம் வரை தங்கலாம். வருமான வரம்பு இதற்கும் உண்டு, கூடவே ஒரு லட்சம் டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். மாமாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டதால் காப்பீட்டு பிரீமியம் எக்கச்சக்கம். கணவர் இரண்டு மூன்று கம்பெனிகளில் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்.