பூன்ஸ்பரோவுக்கு ஒரு சட்டை

ஜூன் 9

இன்று மகளும் நானும் பூன்ஸ்பரோ கோட்டைக்குப் போய் வந்தோம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டனில் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். கென்டக்கி ஆற்றங்கரையில் வேட்டைக்காரர் டேனியல் பூனும் அவரோடு வந்தவர்களும் 1775-இல் எழுப்பத் தொடங்கிய கோட்டை அழிந்து வெகுகாலம் ஆகிறது. இப்போது பூங்காவில் நிற்பது அதன் மறுஉருவம். 1778 செப்டம்பரில் நடந்த முற்றுகையை இந்த ஆண்டு நடித்துக் காட்டும்போது, குடியேறிகளாக நிற்க எங்கள் இருவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை, உடை அந்தக் காலத்து உடையாக இருக்க வேண்டும். வெளியே தெரியும் தையல் எல்லாம் கைத்தையல்.

குழுவில் மூத்தவர் முதலில் என் மனத்தில் இருந்த படத்தைக் கலைத்தார். ரக்கூன் வால் தொங்கும் தொப்பி கூடாது. பூன் அணிந்தது ஃபெல்ட் தொப்பி. தலைமுதல் கால்வரை மான்தோலும் கூடாது. குடியேற்றங்களின் மேற்கு எல்லைப்புறத்தில் பெரும்பாலானவர்கள் உடுத்தியது துணி. அங்கேயே சிறுவனாக வளர்ந்த ஜோசப் டாட்ரிட்ஜ் என்ற பாதிரியார் 1824-இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். வேட்டைச் சட்டையைப் பெரும்பாலும் ஆளி நூல் பாவும் கம்பளி ஊடையுமாக நெய்த லின்சித் துணியிலும், சில சமயம் முரட்டு லினனிலும், அதாவது ஆளி நார்த் துணியிலும், தைத்தார்கள். தோலில் தைத்தவர்கள் சிலரே. நனைந்தால் அது குளிரும், உடம்புக்கு ஒவ்வாது.

துணி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்தது. நான் சென்னிமலைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை.

ஜூன் 15

முதல் பணம் வீணாகிவிட்டது. அந்தக் காலத்து வணிகக் கணக்குகளில் அடிக்கடி வரும் பெயர் ஆஸ்னபர்க். ஜெர்மனியின் ஆஸ்னாப்ரூக் ஊரால் பெயர் பெற்ற மலிவான முரட்டு லினன் அது. அதே பெயரைப் பார்த்து ஒரு கடையில் ஆறு கெஜம் வாங்கி வந்தேன். வீட்டில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி. லினனும் அதே போலத்தான் எரியும் என்பதால் நூலை நனைத்து முறுக்கைப் பிரித்தும் பார்த்தேன். பொடிப்பொடியான குட்டை இழைகள். ஆளி நாரின் நீளம் இல்லை. இன்று அந்தப் பெயரில் விற்பது பருத்தித் துணிதான் என்று பிறகு மூத்தவர் சொன்னார். பெயரை நம்பாமல் நாரைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

ஜூன் 30

லினன் வந்துவிட்டது. இன்று உள்சட்டையை வெட்டினேன்.

இந்தச் சட்டைக்கு வளைவான வெட்டு என்று எதுவும் இல்லை. உடம்புக்கு ஒரே நீளத் துண்டு, தோளில் மடிப்பு. கைகளுக்கு இரண்டு செவ்வகம். காலர், கைப்பட்டி, தோள்பட்டி எல்லாம் செவ்வகம். அக்குளில் ஒரு சதுரத் துண்டை மூலைவாட்டில் வைத்துத் தைத்தால் கையைத் தாராளமாகத் தூக்கலாம். நம் ஜிப்பாவில் இருக்கும் அதே சதுரம். கழுத்துத் திறப்பின் இரு முனைகளிலும் இன்னும் சிறிய சதுரங்கள். கத்தரித்து முடித்தபோது மேசையில் கைக்குட்டை அளவுக்குக்கூட மிச்சம் இல்லை. ஆளியை விதைத்து, பிடுங்கி, ஊறவைத்து, நசுக்கி, சீவி, நூற்று, நெய்து எடுத்த துணியில் ஓர் அங்குலத்தைக்கூட எறிய மனம் வராதவர்கள் கண்டுபிடித்த வெட்டு இது. எங்கள் வீட்டில் அறுந்த பாவு நூலை எறியாமல் அம்மா சுற்றி வைப்பார். அந்த மனநிலையை இங்கே ஒரு சட்டையின் வடிவத்தில் பார்த்தேன்.

ஜூலை 7

தையல். நூலைத் தேன்மெழுகில் இழுத்துவிட்டுத் தைத்தால் சிக்குவதில்லை. கைப்பட்டியில் சுருக்கு வைக்க மட்டும் இரண்டு மாலைகள் போயின.

ஜூலை 14

இதே நாளில், 1776-இல், பூனின் மகள் ஜெமைமாவும் காலவே வீட்டுப் பெண்கள் இருவரும் ஆற்றில் ஓடத்தில் போனபோது ஷானி, செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் வீரர்கள் அவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நடக்க வைத்த வழியெங்கும் பெண்கள் தங்கள் உடையிலிருந்து துணுக்குகளைக் கிழித்துப் போட்டார்கள், சுள்ளிகளை ஒடித்தார்கள். அந்தத் தடத்தைப் பிடித்துப் போன பூனும் மற்றவர்களும் மூன்றாம் நாள் அவர்களை மீட்டார்கள். ஜெமைமாவுக்கு அப்போது 13 வயது. என் மகளுக்கும் 13.

கதையைச் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "அவள் உடுத்தியிருந்தது என்ன துணி அப்பா?"

அது எந்தக் குறிப்பிலும் என் கண்ணில் படவில்லை. ஆனால் கென்டக்கிக்கு முதலில் வந்த பெண்கள் துணிக்குப் பட்ட பாட்டை அவளுக்குச் சொன்னேன். கொண்டுவந்த உடைகள் கிழிந்தன. ஆளி பயிரிட்டு எடுக்கும்வரை நாருக்கு வழி இல்லை, செம்மறியாடும் போதவில்லை. காட்டில் மண்டிக் கிடந்த காஞ்சொறிச் செடியின் தண்டு குளிர்காலத்தில் அழுகி நார் பிரியும். அதைப் பாவாகவும் காட்டெருமை மயிரை ஊடையாகவும் வைத்து லின்சி நெய்தார்கள். ஹாரட்ஸ்பர்க்கில் இதைத் தொடங்கியவர் என்று ஆன் மெக்கின்டியை இந்த மாநிலத்தார் இன்றும் சொல்கிறார்கள். முற்றுகையைப் பற்றிப் பேசும்போது துப்பாக்கிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். காஞ்சொறியில் பாவு ஓட்டிய கைகளைப் பற்றியும் அதே அளவு பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 28

வேட்டைச் சட்டை. முன்பக்கம் முழுக்கத் திறப்பு, பித்தான் இல்லை. ஒரு முனை மறு முனைமேல் ஓர் அடிக்கு மேல் படியும்படி அகலமாக வெட்டி, இடுப்பில் கச்சை கட்டி, அதைப் பின்னால் முடிவார்கள். அப்போது மார்புப் பகுதி பையாகிவிடும். ரொட்டி, உலர்ந்த இறைச்சி, துப்பாக்கிக் குழல் துடைக்கும் சணற்பஞ்சு எல்லாம் அதற்குள்தான் என்கிறார் டாட்ரிட்ஜ். மடியில் அவலைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போன தாத்தா நினைவுக்கு வந்தார்.

தோளைச் சுற்றிய மேற்போர்வைத் துண்டின் ஓரத்தில் நூல் தொங்கல் வேண்டும். ஊரில் இருக்கும் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். எண்பது வயது. என்ன சட்டை, எந்தப் போர் என்று எதையும் கேட்கவில்லை. "ஓரத்தை நூல் பிடித்து நேராக வெட்டினாயா? எதுவரை உருவ வேண்டுமோ அங்கே முதலில் ஒரு தையல் ஓட்டு. பிறகு ஒவ்வொரு நூலாக உருவு. அவசரப்பட்டால் எல்லாம் இளகிப்போகும்" என்றார். அப்படியே செய்தேன். துண்டின் தலைப்பைப் போல் சீராக வந்திருக்கிறது.

1776 ஜூலை 24 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் தன் படைக்கு இந்தச் சட்டையைப் பரிந்துரைத்து ஆணை எழுதினார். மலிவு, வெயிலுக்கும் குளிருக்கும் வசதி. அதோடு, இதை அணிந்தவன் ஒவ்வொருவனும் குறி தவறாதவன் என்று எதிரி அஞ்சுகிறான் என்பதையும் காரணமாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 11

இடுப்புக்குக் கீழே. முழங்காலோடு நிற்கும் பிரீச்சஸ் எனக்கு. ஆனால் எல்லைப்புற இளைஞர்கள் பலர் அதைக் கைவிட்டு, பூர்வகுடி மக்களைப் பார்த்து வேறொன்றுக்கு மாறினார்கள். ஒரு கெஜத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம், எட்டு ஒன்பது அங்குல அகலம் உள்ள துணி. கால்களுக்கிடையே கொடுத்து, முன்னும் பின்னும் கச்சைக்குள் நுழைத்து, முனைகளைத் தொங்கவிடுவது. இதை விளக்க இங்கே படம் வரைகிறார்கள். தமிழில் ஒரே சொல் போதும்: கோவணம். சில இடங்களில் அதை அணிந்துகொண்டு தேவாலயத்துக்கே போனார்கள் என்று டாட்ரிட்ஜ் எழுதுகிறார்.

தொடைவரை ஏறும் கம்பளிக் கால்உறையும் மொக்கசின் காலணியும்கூடப் பூர்வகுடி மக்களிடம் கற்றவையே. யாருடைய வேட்டை நிலத்தில் குடியேறினார்களோ, அவர்களின் உடையால்தான் அந்தக் காட்டில் நடமாட முடிந்தது. கோட்டைக்கு வரும் குழந்தைகளுக்கு இதைச் சொல்லாமல் என் கால்உறையை நான் காட்டப்போவதில்லை. குழுவிலும் சொல்லிவிட்டேன், ஏற்றுக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 25

மகளின் உடை முடிந்தது: நீண்ட உள்சட்டை, லின்சிப் பாவாடை, இடுப்புக்குக் கீழே இறங்கும் குட்டை மேலங்கி, ஏப்ரன், தலைக்குத் தொப்பி. கழுத்தில் போட ஒரு கைக்குட்டை மட்டும் பாக்கி. என் மனைவி பெட்டியிலிருந்து கட்டம் போட்ட சென்னைப் பருத்தித் துணி ஒன்றை எடுத்து வந்தாள். இது சரிதானா என்று மூத்தவரிடம் கேட்டேன். சரியே என்றார்.

சோழமண்டலக் கரையின் துணிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் லண்டன் போய், அங்கிருந்து அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு வந்தன. பிரிட்டனில் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்த 1721-இல் தடை போட்டபோதும் வெளியே அனுப்பத் தடை இல்லை. மலை தாண்டி ஒரு மரக்கோட்டைவரை எத்தனை வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் மகள் ஒன்றுதான் அணிவாள். அதைக் கட்டிப் பார்த்துக்கொண்டு கண்ணாடி முன் வெகுநேரம் நின்றாள். நானும் நின்றேன்.

செப்டம்பர் 8

கறுப்பு வால்நட் உதிரத் தொடங்கிவிட்டது. சாயத்துக்காக அதன் பச்சைத் தோடுகளை ஒரு வாளியில் நான்கு நாள் ஊறவைத்து, இன்று தோட்டத்தில் இரும்புச் சட்டியில் கொதிக்கவைத்தோம். இதற்குப் படிகாரம் வேண்டாம், தானாகவே பற்றும். கம்பளிக் கால்உறை ஒரு மணி நேரத்தில் அடர்ந்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்தது. லினன் சட்டை எத்தனை முறை முக்கியும் பால் கலந்த காப்பியைத் தாண்டவில்லை. ஆளி நார் சாயத்தை எளிதில் வாங்காது. இருக்கட்டும், அழகான நிறம். என் விரல்கள் கறுத்திருக்கின்றன. சில வாரங்களுக்குப் போகாது என்கிறார்கள்.

செப்டம்பர் 15

மழையில் இரண்டு மைல் நடந்து பார்த்தேன். மொக்கசின் ஒரே தோல் துண்டு, பாதத்தின் மேல்புறம் சுருக்கித் தைத்தது, அடித்தோல் கிடையாது. பத்து நிமிடத்தில் நீரை உறிஞ்சிக் கனத்துவிட்டது. ஈர நாளில் மொக்கசின் போடுவது வெறுங்காலோடு நடப்பதற்கு ஒரு கண்ணியமான வழிதான் என்று டாட்ரிட்ஜ் எழுதியதன் பொருள் பாதத்துக்குப் புரிந்தது. குளிருக்கு உள்ளே மான் மயிரோ உலர்ந்த இலையோ திணிப்பார்களாம். நான் இலை திணித்துப் பார்த்தேன். சூடு தங்குகிறது.

செப்டம்பர் 22

மூத்தவர் வந்து சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு மூட்டாக விரலை ஓட்டினார். ஓரிடத்தில் நின்று, "இங்கே களைத்துப்போயிருக்கிறீர்கள்" என்றார். உண்மை, அது ஜூலை 7 இரவு. பிரிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் மகள் தன் பாவாடைத் துணியில் மிஞ்சிய ஒரு நாடாத் துண்டை எடுத்து வந்தாள். இரண்டு ஓரமும் நான் மடித்துத் தைத்திருந்த துண்டு. கையால் கிழிக்க முயன்றாள், முடியவில்லை. பல்லால் கடித்து ஓரத் தையலை அறுத்த பிறகுதான் நூலோட்டத்தில் நேராகக் கிழிந்தது. சத்தம் அறைமுழுக்கக் கேட்டது. "காவலுக்கு ஆள் நடக்கும்போது ஜெமைமா இதை எப்படிச் செய்தாள்?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு துண்டை எடுத்து, சத்தம் வராமல் கிழித்துப் பழகிக்கொண்டிருக்கிறாள்.