துரு காத்த இரும்பு

முன்னாள் மாணவர் மலருக்கு நினைவுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, நம் கல்லூரி உலோகவியல் ஆய்வகத்தில் ஒரு பழைய ஆணியோடு கழிந்த பிற்பகல்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. உலோகங்கள் துருப்பிடித்து அரிபடுவதைப் பற்றிய பாடமான அரிமானவியலை நடத்திய எங்கள் சார், தம் பாட்டனார் வீட்டு வாசற்கதவிலிருந்து கழற்றிய அந்தக் கொல்லன் ஆணியை என்னிடம் கொடுத்திருந்தார். அதை நீளவாக்கில் அறுத்து, பேக்கலைட்டில் பதித்து, எமரித் தாளில் தேய்த்து, துணிச் சக்கரத்தில் கண்ணாடிபோல் மெருகேற்றி, நைட்டால் என்னும் அமிலக் கரைசலில் சில நொடிகள் தோய்த்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். ஃபெரைட் எனப்படும் வெளிறிய இரும்பு மணிகளுக்கு நடுவே, சுத்தியலால் அடித்து நீட்டிய திசையிலேயே, தாதுவைக் காய்ச்சும்போது மிஞ்சும் கழிவான கசடு கறுப்பு இழைகளாக ஓடியிருந்தது. பதிவேட்டில் ‘கசடு, தரக்குறைவு’ என்று எழுதினேன் என்பதைவிட, அவசரமாகக் கிறுக்கினேன் என்பதே சரி. சார் சிவப்பு மையால் இரண்டாவது சொல்லை மட்டும் அடித்தார். “தம்பி, குறை என்று எழுதுவதற்கு முன், இது ஏன் இன்னும் உளுத்துப் போகவில்லை என்று கேட்டுப் பார்” என்றார்.

மறுநாள் அவர் நகலெடுத்துத் தந்த ஆய்வுக் கட்டுரை, கான்பூர் ஐ.ஐ.டி.யின் பொருளறிவியல், உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் 2000-இல் ‘கரோஷன் சயன்ஸ்’ இதழில் வெளியிட்டது. தில்லி இரும்புத் தூண் ஏன் துருவில் கரையவில்லை என்பதே அதன் கேள்வி. அவரை நான் நேரில் பார்த்ததில்லை. என்றாலும் எங்கள் வகுப்பு அவரிடமும் படித்தது என்றே சொல்வேன்.

1961-இல் திருச்சியில் பிறந்த பாலசுப்பிரமணியம், காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவனத்தில் உலோகவியல் பயின்று, அமெரிக்காவின் ரென்சிலர் பாலிடெக்னிக்கில் முனைவர் பட்டம் பெற்று, 1990-இல் கான்பூரில் ஆசிரியப் பணியில் சேர்ந்தார். உலோகத்துக்குள் ஹைட்ரஜன் புகுவதால் வரும் மாற்றங்கள், இரும்பும் அலுமினியமும் சேர்ந்த அலுமினைடுகளின் அரிமானம் என்று இன்றைய பொருள்களை ஆராய்ந்த அதே கையோடு அவர் பழைய இரும்பையும் எடுத்தார். பழம்பெருமை பேசுவதற்காக எடுக்கவில்லை என்பதை அந்தக் கட்டுரையின் ஒவ்வொரு பத்தியும் காட்டியது.

ஏழு மீட்டருக்கு மேல் உயரமும் ஆறு டன்னுக்கு மேல் எடையும் கொண்ட அத்தூண், குப்தர் காலத்தில் இரும்புக் கட்டிகளைக் காய்ச்சி ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துப் பற்றவைத்து உருவானது. தில்லியின் வறண்ட காற்றே அதைக் காத்தது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. பாலசுப்பிரமணியமோ தூணின் மேல் படிந்த துருவையே எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் முதலிய முறைகளால் ஆராய்ந்து, விடையை இரும்பிலிருந்த சுமார் 0.25 விழுக்காடு பாஸ்பரஸில் கண்டார். பாஸ்பரஸ் இரும்பை நொறுங்கச் செய்யும் என்பதால், இன்றைய உருக்கில் அதை மிகக் குறைவாகவே விட்டுவைப்பார்கள். உலையில் இடும் சுண்ணாம்புக்கல் அதைக் கசடோடு பிரித்தெடுக்கும். அன்றைய கொல்லர்கள் சுண்ணாம்புக்கல் சேர்க்காமல் மரக்கரியில் தாதுவை ஒடுக்கி, அதாவது அதிலுள்ள ஆக்சிஜனை நீக்கி, இரும்பாக்கியதால் பாஸ்பரஸ் இரும்பிலேயே தங்கிவிட்டது. முதலில் எல்லா இரும்பையும் போலவே இதுவும் துருப்பிடித்தது. பிறகு, துருவுக்கும் உலோகத்துக்கும் இடையில் சேர்ந்த பாஸ்பரஸ், மிசவைட் என்னும் நெருக்கமான இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு படலம், அதாவது ஒருவகைத் துருப் படலம், உருவாக உதவியது. மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் ஆண்டுகள் செல்லச் செல்ல, அப்படலத்தோடு இரும்பு பாஸ்பேட்டும் படிகமாகி இடுக்குகளை அடைத்தது. நான் தரக்குறைவு என்று எழுதிய கசடுத் துணுக்குகளுக்கும் இப்படலம் உருவானதில் பங்குண்டு என்று அவர் காட்டியிருந்ததைப் படித்தபோது, சிவப்பு மையின் பொருள் எனக்கு விளங்கியது.

அந்த டிசம்பரில் சார் எங்களை அரசுப் பேருந்தில் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். பெரிய கோயிலுக்கு அல்ல, கீழவாசல் பீரங்கி மேட்டுக்கு. நாயக்கர் காலத்து அந்தப் பீரங்கி வார்க்கப்பட்டதன்று. நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழாயாக அடுக்கி, அவற்றின்மேல் காய்ச்சிய வளையங்களை ஏற்றி இறுக்கியது. இதையும் பாலசுப்பிரமணியம் ஆராய்ந்திருக்கிறார். வளையத்துக்கும் வளையத்துக்கும் இடைப்பட்ட பொருத்தில் விரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னார் சார். இருபது அடிக்கு மேல் நீண்டு கிடந்த அந்த இரும்பு வெயிலில் சூடேறியிருந்தது. பழுப்பு நிறம் என் விரலில் ஒட்டவில்லை. எத்தனை பேர் ஒரே மூச்சில் சுத்தியலை இறக்கியிருந்தால் இது கூடியிருக்கும் என்று நாங்கள் வாதாடிக்கொண்டே திரும்பினோம்.

2009 டிசம்பரில், 48 வயதிலேயே பாலசுப்பிரமணியம் காலமானார். செய்தியை எனக்கு மின்னஞ்சலில் தெரிவித்தவர் சார்தான். இரும்புத் தூணைப் பற்றியும் பீரங்கிகளைப் பற்றியும் தனித்தனி நூல்கள் எழுதி முடித்திருந்தாலும், அவர் கேட்டுவைத்த கேள்விகள் இன்னும் பல கிடக்கின்றனவே என்ற வருத்தம் அந்த நான்கு வரிகளில் இருந்தது.

இன்று என் பிழைப்பு பாலங்களைச் சோதிப்பது. வண்ணம் பூசாமலே வெயிலிலும் மழையிலும் விடப்படும் ஒருவகை உருக்கில், துருவே காப்பாக அமைய வேண்டும் என்பதற்காகச் செம்பு, குரோமியம் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். சில வகைகளில் பாஸ்பரஸையும் வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். நனைந்து காயும் இடத்தில் அது நிலைக்கும். ஈரம் தேங்கும் மூலையில் அடுக்கடுக்காக உரியும். ஒவ்வொரு மூலையிலும் நான் முதலில் கட்டைவிரலால்தான் தேய்த்துப் பார்ப்பேன், பிறகுதான் கருவியை எடுப்பேன்.

சென்ற விடுமுறையில், இரும்புத் தூண் நிற்கும் தில்லி மெஹ்ரோலிக்குச் சென்றேன். 1997-இல் போட்ட வேலிக்கு அப்பாலிருந்துதான் தூணைப் பார்க்க முடிந்தது. அங்கிருந்தே சாரைத் தொலைபேசியில் அழைத்தேன். பணி ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகளாகிவிட்டதால் குரல் தளர்ந்திருந்தது. கல்வெட்டு தெரிகிறதா, கூட்டம் எப்படி என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. தூணின் மண்ணுக்குள் இருந்த பகுதி மட்டும் மேற்பகுதியைப் போலன்றித் துருவேறியிருந்ததை வகுப்பில் அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். “அடிமேடையைப் பார்த்தாயா? மழைத்தண்ணீர் தேங்குகிற மாதிரி இருக்கிறதா?” என்றார். குனிந்து, வேலிக் கம்பிகளுக்கிடையே நன்றாகப் பார்த்துவிட்டு, “காய்ந்துதான் இருக்கிறது, சார்” என்றேன்.